மொட்டைப் பாறைக் கொண்டையனின் எறி

நெட்டிக்குளத்து ஆமைகள் இரண்டு கட்சி. வடகரை ஆமைகள் ஒரு கட்சி, தென்கரை ஆமைகள் ஒரு கட்சி. மழைக்காலத்தில் இரண்டுக்கும் எந்தச் சண்டையும் கிடையாது. குளம் நிறையத் தண்ணீர் கிடக்கும்போது யாருக்கு யார்மேல் கோபம்? சித்திரை பிறந்தால்தான் வம்பு. குளம் வற்றிக்கொண்டே வந்து நடுவில் ஒரே ஒரு மடு மிஞ்சும். அந்த மடு ஒரு கட்சிக்குத்தான் காணும். இரண்டு கட்சியும் இறங்கிப் புரண்டால் கோடை பாதி தாண்டுவதற்குள் சேறுகூடக் காய்ந்துவிடும்.

அதற்காகவே ஆமைகள் ஓர் ஆட்டம் வைத்திருந்தன. முட்டாட்டம் என்று பேர். குளத்துக்கு மேற்கே ஒரு சரிவு, சரிவு முழுக்க உருண்டைக் கற்கள். அங்கே இரண்டு கட்சியும் எதிரெதிரே நின்று ஓட்டோடு ஓடு முட்டும். மல்லாக்கக் கவிழ்ந்தவர் அவுட். ஒரு கட்சி முழுக்கக் கவிழ்ந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. ஜெயித்த கட்சிக்கு மடு. தோற்ற கட்சி இலை உதிர்ந்த காட்டுக்குள் நடந்து ஆற்றுக்குப் போக வேண்டும். ஆமை நடக்கிற நடைக்கு அது சாமானிய தூரமா! வழியில் ஒரு வாய் தண்ணீர் கிடையாது. ஒவ்வொரு கோடையிலும் அந்த வழியில் ஒன்றிரண்டு வெற்று ஓடுகள் கிடக்கும்.

ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கவிழ்த்தவர்தான் நிமிர்த்த வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அவரவர் கவிழ்த்த ஆமையிடம் போய், ஓட்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து நெம்பி நிமிர்த்திவிட வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. நிமிர்ந்த ஆமை, கவிழ்த்த ஆமையின் முகத்தைப் பார்த்து, "உன் முட்டு முட்டுதான்!" என்று சொல்லும். வயிறு எரிந்தாலும் சொல்லும். மடு கிடைத்தாலும் அந்த வார்த்தை கிடைத்தால்தான் ஜெயித்தவருக்குத் திருப்தி.

தென்கரைக் கட்சியில் சேந்தி என்று ஓர் ஆமை இருந்தாள். முட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு நரி கடித்ததில் அவளுடைய பின்னங்கால் ஒன்று செத்துப்போயிருந்தது. முன்னங்கால்களில்தான் அவளுடைய பலமெல்லாம். அந்தக் காலை இழுத்துக்கொண்டு மடுவரைக்கும் போகலாம், சரிவுவரைக்கும் வரலாம். ஆறுவரைக்கும் போக முடியாது. அது எல்லாருக்கும் தெரியும்.

"உங்களுக்கெல்லாம் இது ஆட்டம். எனக்கு உசிரு!" என்பாள் சேந்தி. அப்படிச் சொல்லிக்கொண்டே முட்டுவாள். அவள் முட்டில் தென்கரைக் கட்சி வருஷா வருஷம் ஜெயித்தது. வடகரைக் கட்சி வருஷா வருஷம் ஆற்றுக்கு நடந்தது.

வடகரைக் கட்சிக்குத் தலைவர் ஓடப்பன். பெரிய ஓடு, பெரிய குரல். போன கோடையில் ஆற்றுக்கு நடந்தபோது அவருடைய தம்பி பாதி வழியிலேயே காய்ந்து செத்துப்போனான். அதிலிருந்து ஓடப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. "இந்த வருஷமும் நடந்தா என் கட்சியில பாதி மிஞ்சாது" என்று புலம்பிக்கொண்டே இருந்தார். அவர்மேலும் தப்புச் சொல்ல முடியாது, பாருங்கள்.

சரிவுக்கு மேலே ஒரு மொட்டைப் பாறை. பாறையை ஒட்டி ஒரு விளாமரம். அந்தப் பாறைமேல் ஒரு குரங்கு தனியாக இருந்தான். தலைமயிர் உச்சியில் சுழித்து நிற்கும், அதனால் கொண்டையன் என்று பேர். கூட்டத்தோடு ஒத்துப்போகாமல் விலகி வந்த குரங்கு. வருஷா வருஷம் முட்டாட்டத்தை மேலே இருந்து பார்ப்பான். யாராவது கவிழ்ந்தால் பாறைமேல் குதிப்பான். குதித்து என்ன? அவனை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ஓடப்பன் ஒருநாள் பாறையடிக்கு வந்து கழுத்தை நீட்டினார்.

"ஏ மாப்ளே! சும்மாத்தானே உக்காந்திருக்கே? எங்க கட்சியில சேர்றியா?"

கொண்டையனுக்குக் கண் விரிந்தது. "நானா மாமா? எனக்கு ஓடு ஏது, முட்டுறதுக்கு?"

"நீ முட்ட வேணாம். அங்கேயே உக்காந்து விளாங்காயைப் பறிச்சு எறி. தென்கரைக்காரன் மேல விழுந்தா சரி!"

"அது ஆட்டத்துல உண்டா?"

"எறியக் கூடாதுன்னு எவனாவது சொல்லியிருக்கானா?"

அப்படி யாரும் சொன்னதில்லைதான். ஆமைகளில் யாருக்குக் கை இருக்கிறது எறிவதற்கு!

கொண்டையன் கூலி எதுவும் கேட்கவில்லை. "என்னையும் ஆட்டத்துல சேத்துக்கிட்டா அதுவே போதும் மாமா" என்றான். அவ்வளவு நாள் ஏக்கம் அவனுக்கு.

செய்தி தென்கரைக்குப் போனது. பாசியன் என்கிற இளவட்ட ஆமை குதிக்காத குறை. "இது என்ன அநியாயம்! நாம அவனை எப்படி முட்டுறது? ஒத்துக்கவே கூடாது அக்கா!"

சேந்தி வாய்விட்டுச் சிரித்தாள். "ஒரு குரங்கு காயெறிஞ்சு நம்மைக் கவுக்கப் போகுதா? போடா! அந்தக் கொரங்கும் ஆசைப்படுது, ஆடிட்டுப் போகட்டும்!"

அவள் சொன்ன பிறகு யார் பேசுவார்கள்? ஒத்துக்கொண்டார்கள். ஒருமுறை ஒத்துக்கொண்டதைப் பிறகு எந்த முகத்தோடு மறுப்பது? அதுதான் அவள் செய்த தப்பு.

அந்தக் கோடையில் கொண்டையன் எறிந்த எறி இருக்கிறதே, கண்ராவி! ஒரு காய் குளத்தில் விழுந்தது. ஒரு காய் புதரில் விழுந்தது. ஒரு காய் ஓடப்பனின் சொந்த முதுகிலேயே விழுந்தது. மரத்தில் காயே தீர்ந்துபோயும் ஒரு தென்கரை ஆமைகூடக் கவிழவில்லை. சேந்தி கட்சியே ஜெயித்தது. வடகரைக் கட்சி ஆற்றுக்கு நடந்தது.

ஆட்டம் முடிந்ததும் கொண்டையன் பாறை விளிம்புக்கு வந்து கேட்டான். "சேந்தியக்கா! என் எறி எப்படி இருந்துச்சு?"

சேந்தி அண்ணாந்து பார்த்தாள். "மரத்துலேருந்து தானா விழுற காயே இதைவிடக் குறி பாத்து விழும், தம்பி!"

தென்கரைக் கட்சி முழுக்கச் சிரித்தது. கொண்டையன் சிரிக்கவில்லை. அவனுக்கு முகம் சிவந்து காது சிவந்து, உடம்பெல்லாம் எரிந்தது.

அதற்குப் பிறகு அவனுக்கு வேறு வேலையே கிடையாது. எறிந்து பழகினான். மழையில் எறிந்தான், காற்றில் எறிந்தான். குளம் நிறைந்த பிறகு, மிதக்கிற கட்டைமேல் எறிந்தான். ஓடுகிற ஓணான்மேல் எறிந்தான். ஒன்றொன்றாகக் கற்றுக்கொண்டான். காயை ஆட்டிப் பார்த்து உள்ளே சத்தம் கேட்டால் அதை எறியக் கூடாது, அது கோணிக்கொண்டு போகும். கெட்டியான காய்தான் சொன்ன இடத்துக்குப் போகும். காற்று குளத்துப் பக்கமிருந்து வந்தால் கொஞ்சம் தள்ளி எறிய வேண்டும்.

இன்னொன்றும் கண்டுபிடித்தான். ஆமையின் முதுகு நடுவில் அடித்தால் ஒன்றும் ஆகாது. சரிவில் ஏறும்போது ஆமை முன்னங்காலைத் தூக்கும் பாருங்கள், அந்த நேரத்தில் ஓட்டின் விளிம்பில் அடி விழுந்தால் கவிழும். ஆனால் காய் கீழே போய்ச் சேர நேரம் ஆகுமே! அதனால் ஆமை காலைத் தூக்குவதற்கு முன்பே இவன் கையை விட்டுவிட வேண்டும். எந்த ஆமை எந்த நடை நடக்கும் என்று மனசில் வைத்திருந்தால்தான் அது முடியும். கொண்டையன் மனசில் வைத்திருந்தான். எல்லா ஆமையின் நடையும் அவனுக்கு அத்துப்படி. சேந்தியின் நடை, அந்த இழுத்து இழுத்துப் போகிற நடை, இன்னும் நன்றாகத் தெரியும்.

அவனுக்குத் துணைக்கு ஒரு கரிச்சான்குருவி சேர்ந்தது. கல்லுக்குப் பின்னால் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று பறந்து பார்த்துச் சொல்லும். கோள் சொல்லுவதென்றால் அதற்கு வெல்லம் தின்கிற மாதிரி.

அடுத்த சித்திரை வந்தது. மடு போன வருஷத்தைவிடச் சுருங்கிக் கிடந்தது. இரண்டு கட்சியும் சரிவில் எதிரெதிரே நின்றன. சேந்தி முன்னால் நின்றாள்.

"ஆரம்பி!" என்றார் ஓடப்பன்.

தென்கரை ஆமை ஒன்று முன்னங்காலைத் தூக்கியது. டப்! விளாங்காய் விளிம்பில் விழுந்தது. ஆமை மல்லாக்க உருண்டது. யாரும் அதை முட்டவில்லை, யாரும் கிட்டேகூடப் போகவில்லை.

"யார்றா அது?" என்று பாசியன் திரும்புவதற்குள் இன்னொரு டப்! அடுத்த ஆமையும் மல்லாந்தது.

கரிச்சான் கத்தியது. "ரெண்டு அவுட்டு! ரெண்டு அவுட்டு! எங்க அண்ணன் எறியைப் பாருங்க!"

சேந்தி கழுத்தை நீட்டிப் பாறையைப் பார்த்தாள். வெயில் கண்ணில் அடித்தது. குரங்கின் தலைகூடத் தெரியவில்லை.

"நிறுத்துங்க ஆட்டத்தை!" என்றாள்.

எல்லாரும் நின்றார்கள்.

"ஏ கொண்டையா! இது என்ன ஆட்டம்? எதிரே வந்து முட்டினா நானும் முட்டுவேன். பக்கத்துல வந்தா நானும் நகருவேன். நீ எங்கேயோ உக்காந்துக்கிட்டு முதுகுல போட்டா நான் யாரை முட்டுறது?"

மேலே இருந்து கொண்டையன் குரல் கொடுத்தான். "போன வருஷம் நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க! அப்ப சிரிச்சீங்களே! இப்ப விழுதுன்னதும் அநியாயமா?"

"அப்ப உனக்கு எறியத் தெரியாது!"

"ஹா! அப்ப இப்பத் தெரியுதுன்னு ஒத்துக்கிறீங்க! சொல்லுங்க அக்கா, என் எறி எறிதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க!"

சேந்திக்கு வந்ததே கோபம்! "இதுல என்னடா திறமை? மேலேருந்து போட்டா எதுவும் கீழேதான் விழும்!"

"அப்படியா? மேல வந்து ஒரு காய் எறிஞ்சு பாருங்க! காத்து தெரியணும், காய் தெரியணும், நீங்க காலைத் தூக்குறதுக்கு முன்னாடியே நான் கையை விடணும். ஒரு வருஷம் தூங்காமப் பழகியிருக்கேன். உங்களுக்கு என்ன தெரியும்? ஓட்டை வெச்சுத் தள்ளத் தெரியும், அவ்வளவுதானே!"

"சரி. திறமைக்காரனா இருந்தா கீழே வா. இந்தச் சரிவோட அடியில நின்னு எறி. நான் உன்னைப் பாத்து வர்றேன். நான் வந்து சேர்றதுக்குள்ள என்னைக் கவுத்துட்டா, உன் முகத்தைப் பாத்து அந்த வார்த்தையைச் சொல்றேன். நான் வந்து சேர்ந்துட்டா உன் காலைக் கடிப்பேன். சம்மதமா?"

கொண்டையன் ஒரு கணம் யோசித்தான். அவன் கால் பாறை விளிம்பு வரைக்கும் வந்தது. வாஸ்தவமாகவே இறங்கிவிடலாமா என்று ஆசையாகக்கூட இருந்தது.

கரிச்சான் காதோரம் வந்து உட்கார்ந்தது. "அண்ணே, பைத்தியமா உனக்கு? அவ கடிச்சா எலும்பு முறிஞ்சுரும். இங்கேயே இருண்ணே. இங்கே உன்னை யாரு என்ன பண்ண முடியும்?"

கொண்டையன் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "நான் இருக்கற எடத்துலேருந்துதான் எறிவேன்! அதுதான் பேச்சு! மாமா, ஆட்டத்தை ஆரம்பிங்க!"

ஓடப்பன் சேந்தியைப் பார்க்கவில்லை. "ஆரம்பி" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தென்கரை ஆமைகள் எல்லாம் கல்லுக்கு அடியில் புகுந்துகொண்டன. தலையை நீட்டினால் அடி விழுமே, யார் நீட்டுவார்கள்? சரி, வடகரை ஆமைகளாவது போய் முட்டினவா என்றால் அதுவும் இல்லை. சரிவோரத்தில் நின்ற ஒரு புளியமரத்து நிழலில் வரிசையாகப் படுத்துவிட்டன.

"தலைவரே, நாம போய் முட்ட வேணாமா?" என்று ஒரு வடகரை ஆமை கேட்டது.

"எதுக்கு மெனக்கெடணும்? மேல இருக்கறவன் பாத்துக்குவான்" என்றார் ஓடப்பன்.

முட்டாட்டத்தில் முட்டுவதற்கு ஆளே இல்லை. வெயில் ஏறியது. கல் சுட்டது. கல்லுக்கு அடியில் இருந்தவர்களுக்கு மூச்சு முட்டியது. பொறுக்க முடியாமல் ஓர் ஆமை வெளியே வந்தது. டப்! இன்னும் கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. டப்! ஒவ்வொரு எறிக்கும் நடுவில் கொண்டையன் நிதானமாக ஒரு காயைப் பறிப்பான், ஆட்டிப் பார்ப்பான், காற்றைப் பார்ப்பான். கீழே இருப்பவர்களுக்கு அந்த இடைவெளிதான் நரகம். அடி எப்போது வரும், யாருக்கு வரும் என்று தெரியாமல் பதுங்கிக் கிடந்தார்கள்.

பாசியன் மட்டும், "செத்தாலும் நடந்தே சாவேன்!" என்று கத்திக்கொண்டு ஓடப்பனைப் பார்த்து ஓடினான். ஆமை எவ்வளவு ஓடும்? பாதியிலேயே மல்லாந்தான்.

கடைசியில் சேந்தி ஒருத்திதான் மிச்சம்.

சரிவின் குறுக்கே யானை படுத்த மாதிரி ஒரு நீளப் பாறை உண்டு. சேந்தி அதற்குப் பின்பக்கமாக நகர்ந்தாள். அந்தப் பக்கம் மொட்டைப் பாறையிலிருந்தும் தெரியாது, புளியமரத்திலிருந்தும் தெரியாது. அப்படியே சுற்றிப் போனால் ஓடப்பனுக்கு நேர் எதிரே வெளிப்படலாம். ஓடப்பனைக் கவிழ்த்தால் மற்றவர்கள் நடுங்கிவிடுவார்கள். ஒவ்வொருவராக முட்டலாம். செத்த காலை இழுத்துக்கொண்டு போனாள். வாய்க்குள் என்னவோ சொல்லிக்கொண்டே போனாள்.

கரிச்சான் பார்த்துவிட்டது.

"அண்ணே! நீளப் பாறைக்குப் பின்னால போறா! நடுவுல ஒரு வெள்ளைக் கல்லு இருக்குல்ல, அதைத் தாண்டிட்டா!"

"எவ்வளவு வேகம்?"

"எப்பவும் போற வேகந்தான். இழுத்து, நின்னு, இழுத்து, நின்னு."

கொண்டையன் கண்ணை மூடினான். அவள் நடை அவன் மனசில் ஓடியது. இப்போது இழுப்பாள். இப்போது நிற்பாள். இப்போது முன்னங்காலை வைப்பாள். மரத்தில் இருந்த காய்களிலேயே கெட்டியான காயைப் பறித்தான். நேராக எறிந்தால் பாறைதான் தடுக்கும். வானத்தைப் பார்த்து எறிந்தான். காய் மேலே போனது. போய்க்கொண்டே இருந்தது. பிறகு வளைந்து, பாறையைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கியது.

சத்தம் கேட்டது.

கரிச்சான் வட்டமடித்துக் கீச்சிட்டது. "கவுந்துட்டா! அண்ணே, கவுந்துட்டா! ரெண்டு கல்லுக்கு நடுவுல மல்லாக்க விழுந்துட்டா! கண்ணால பாக்காமலே அடிச்சியேண்ணே!"

கொண்டையன் பாறைமேல் குதித்தான், உருண்டான், கைதட்டினான். அந்த மாதிரி ஓர் எறியை அந்தக் காட்டில் யாரும் எறிந்ததில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா? எறி என்றால் அது எறிதான்.

கீழே வடகரை ஆமைகள் எழுந்து சோம்பல் முறித்தன.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. வாங்க, மடுவுக்குப் போவோம்."

மல்லாந்து கிடந்த தென்கரை ஆமைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். பாசியன் காலை உதறிக்கொண்டே கெஞ்சினான். "அண்ணே, கொஞ்சம் நெம்பி விட்டுட்டுப் போங்கண்ணே!"

முன்னால் போன வடகரை ஆமை நின்றது. "நான் உன்னைக் கவுக்கலையே தம்பி. கவுத்தவந்தானே நிமுத்தணும்?"

"நானும் கவுக்கலை" என்றது அடுத்தது.

"நான் எழுந்திரிக்கவே இல்லையே!" என்றது அதற்கும் அடுத்தது.

அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஒருத்தரும் யாரையும் கவிழ்க்கவில்லைதான். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு மடுவுக்குப் போய்ச் சேற்றில் இறங்கினார்கள். ஓடப்பன் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் இறங்கிவிட்டார்.

கொண்டையன் பாறைமேல் காத்திருந்தான். கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தான். பாராட்டுவார்கள் என்று தலைமயிரைக்கூட நீவிவிட்டுக்கொண்டான். யாரும் கூப்பிடவில்லை.

பொறுக்க முடியாமல் கத்தினான். "மாமா! ஓடப்ப மாமா! அந்தக் கடைசி எறி எப்படி?"

மடுவிலிருந்து தூக்கக் குரல் வந்தது. "எந்த எறி மாப்ளே?"

"பாறையைத் தாண்டிப் போட்டேனே!"

"நாங்க பாக்கலையேப்பா. பாறை மறைச்சுருச்சு. எப்படியோ, ஜெயிச்சாச்சுல்ல? தூங்க விடு."

வெயில் தாழ்ந்தது. சரிவில் பாசியன் மட்டும் கழுத்தை நீட்டிக் கல்லில் ஊன்றி, நழுவி, மறுபடி ஊன்றி, ஒருவழியாகப் புரண்டு எழுந்தான். வழக்கமாவது ஒன்றாவது என்று அவனே மற்றவர்களை ஒவ்வொருவராக நெம்பி நிமிர்த்தினான்.

"சேந்தியக்கா! சேந்தியக்கோவ்!" என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. தொண்டை வறண்டு மல்லாந்து கிடப்பவள் எப்படிப் பதில் சொல்வாள்? அவள் கிடந்த இடத்தை அவர்கள் யாரும் பார்க்கவில்லை. அவ்வளவு மறைவான இடம்.

"அக்கா கவுந்திருந்தாலும் தானாப் புரண்டு எழுந்திருப்பா. ஆட்டம் தோத்ததும் முன்னாடியே கிளம்பியிருப்பா. அவ காலுக்கு மெதுவாத்தானே போக முடியும்? வழியில பிடிச்சுக்கலாம்" என்றான் பாசியன். அவர்கள் ஆற்றை நோக்கி நடந்தார்கள்.

பாறைமேலிருந்து கொண்டையன் அந்த வரிசையைப் பார்த்தான்.

"சேந்தி எங்கே?" என்றான் கரிச்சானிடம்.

"அந்த வரிசையில இல்லண்ணே."

"முன்னாடியே போயிருப்பா."

"அந்தக் காலை வெச்சுக்கிட்டா?"

"யாராவது நிமுத்தி விட்டிருப்பாங்க."

"யாருண்ணே நிமுத்துவாங்க?" என்றது கரிச்சான். இந்தத் தடவை அது கத்தவில்லை.

கொண்டையன் நீளப் பாறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவள் எங்கே கிடக்கிறாள் என்று உலகத்திலேயே தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். அதில் ஒருவன் அவன். பாறையிலிருந்து இறங்கினான். முட்டாட்டச் சரிவில் அவன் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கீழே இருந்து பார்த்தால் எல்லாமே வேறு மாதிரி இருந்தது. கல்லெல்லாம் பெரிதாக இருந்தது. அண்ணாந்து பார்த்தான். மொட்டைப் பாறை எட்டாத உயரத்தில் நின்றது. அங்கே யாராவது இருந்தால்கூடத் தெரியாது.

நீளப் பாறையைச் சுற்றிப் போனான். இரண்டு கல்லுக்கு நடுவில் சேந்தி மல்லாந்து கிடந்தாள். நாள் முழுக்க வெயில் அவள் வயிற்றில் விழுந்திருந்தது. கால்கள் அசையவில்லை. ஓட்டின் விளிம்பில் ஒரு துண்டு உடைந்திருந்தது. எறும்பு வந்துவிட்டது.

"அக்கா!" கொண்டையன் பதறிப்போய் எறும்பைத் தட்டிவிட்டான். இரண்டு கையாலும் தூக்கி நிமிர்த்தினான். ஓடு அவன் கையைச் சுட்டது.

"அக்கா! சேந்தியக்கா! நான்தான், கொண்டையன்!"

சேந்தி மெதுவாகக் கண்ணைத் திறந்தாள். வெகுநேரம் அவனையே பார்த்தாள். அவன் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததே இல்லை.

"இவ்வளவு சின்னப் பையனா நீ?" என்றாள்.

"அக்கா, தண்ணி கொண்டாரேன். இல்லேன்னா வா, உன்னைத் தூக்கிட்டுப் போய் மடுவுல விட்டுடறேன். யாரு என்ன கேப்பாங்க?"

"தோத்தவளுக்கு மடு ஏது தம்பி?" குரல் காற்று மாதிரி வந்தது. "அந்தக் காய்... பாறைக்கு அந்தப் பக்கத்துலேருந்தா போட்டே?"

"ஆமாக்கா."

"என்னைப் பாக்காமலே?"

"பாக்கலைக்கா. உன் நடையை மனசுல வெச்சுப் போட்டேன்."

சேந்தி கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "காலையில கோபத்துல சொல்லிட்டேன். உனக்குத் திறமை இருக்கு. அப்படி ஓர் எறியை நான் கண்டதில்லை."

எந்த ஒரு வார்த்தைக்காக ஒரு வருஷம் தூங்காமல் கிடந்தானோ, அது கிடைத்துவிட்டது. கொண்டையன் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. "அக்கா! எனக்கு உங்ககூட ஆடணும்னுதான் ஆசை. வேற ஒண்ணுமே இல்லைக்கா! இத்தனை வருஷமா மேல இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். ஆட்டத்துல நானும் ஒருத்தனா இருக்கணும்னுதான்..."

"ஆனா நாம ஆடவே இல்லையே தம்பி" என்றாள் சேந்தி. "நீ எறிஞ்சே. நான் வாங்கிக்கிட்டேன். ஆடலையே."

கொண்டையன் மடுவுக்கு ஓடினான். தாமரை இலையைக் கிழித்து அதில் தண்ணீர் மொண்டான். வழியில் பாதி சிந்தியது. வந்து பார்த்தபோது சேந்தியின் தலை ஓட்டுக்குள் போகாமல் வெளியிலேயே மண்ணில் சாய்ந்திருந்தது. தண்ணீரை வாயில் விட்டான். அது ஒரு பக்கமாக வழிந்து மண்ணில் இறங்கிவிட்டது. "அக்கா, கடிக்கிறேன்னு சொன்னியே, கடி அக்கா!" என்று காலை அவள் வாயருகே வைத்துக்கொண்டு குரங்கு அழுதான். அவள் கடிக்கவில்லை.

திருப்பி அடிக்க முடியாதவர்களை எட்டாத இடத்திலிருந்து அடிப்பவனுக்கு எவ்வளவு திறமை இருந்தாலும், அவன் ஜெயிப்பது நியாயமான ஆட்டம் ஆகாது.